ஜூலிக்கு ஒரு கொசுவலை

நாய்க்குக் கொசுவலை வாங்கினவன் நான். சிரிச்சுக்குங்க. எதிர்வீட்டு சார் சிரிச்சாரு, என் வீட்டம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. கைக்குழந்தை மேல கவுத்து வைக்கிற குடை மாதிரி வலை இருக்கே, அதேதான். "பேரனா, பேத்தியா சார்?"னு கடையில கேட்டாங்க. "ஜூலி"ன்னேன். நல்ல பேருன்னாங்க.

ஜூலிக்கு எட்டு வயசு. நாட்டு நாய். "நாட்டு நாய்க்கு ஒண்ணும் வராது சார், எல்லாத்தையும் தாங்கும்." எத்தனை பேர் சொல்லியிருப்பாங்க! நானும் நம்பினேன். போன ஐப்பசியில அவ விலாப்பக்கம் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. தொட்டா உருளுது. உண்ணி கடிச்ச தடிப்பா இருக்கும்னு ஒரு மாசம் ஓட்டிட்டேன். அப்புறம்தான் டாக்டரம்மாகிட்ட போனோம். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டுல வெச்சுப் பார்த்தவங்க, "நீங்களே பாருங்க"ன்னு மைக்ராஸ்கோப்பை என் பக்கம் தள்ளினாங்க. பார்க்காம இருந்திருக்கலாம். சிவப்பணுக்களுக்கு நடுவுல நூல் துணுக்கு மாதிரி ஒண்ணு. நெளியுது. அக்கம்பக்கத்து அணுக்களை எல்லாம் இடிச்சுத் தள்ளிக்கிட்டு, சந்தைக்குள்ள மாடு புகுந்த மாதிரி.

டைரோஃபைலேரியாவாம். யானைக்கால் புழுவுக்குப் பங்காளி. ஒரு நாயோட ரத்தத்தைக் கொசு உறிஞ்சும்போது குஞ்சுப்புழுவும் கூடவே போயிடும். கொசு உடம்புக்குள்ள ரெண்டு வாரம் போல வளரும். அப்புறம் அந்தக் கொசு அடுத்த நாயைக் கடிச்சா, அங்க இறங்கிடும். இதுல ரெண்டு வகை. ரெபென்ஸ்னு ஒண்ணு, தோலுக்கு அடியில குடியிருக்கும். நம்ம தென்னாட்டுப் பக்கம் பார்க்கிறது பெரும்பாலும் அதுதான். இன்னொண்ணு இம்மிட்டிஸ். வடகிழக்கு மாநிலங்கள்ல உண்டு. அது நுரையீரல் ரத்தக்குழாயிலயும் இதயத்துலயும் போய் உட்கார்ந்து ஒரு அடி நீளம் வரைக்கும் வளரும். "உங்களுக்கு அதிர்ஷ்டம், இது தோல் வகை"ன்னாங்க டாக்டரம்மா. என்ன அதிர்ஷ்டம் பாருங்க! இதே தோல் வகையைக் கேரளத்துல மனுஷங்க கண்ணுல இருந்தே உயிரோட எடுத்திருக்காங்க. இதைச் சொன்னதும் எதிர்வீட்டு சார் சிரிப்பை நிறுத்திட்டாரு.

ஃபைலேரியா புழு கொசு உடம்புக்குள்ள வளருதுன்னு பேட்ரிக் மேன்சன் சீனாவுல கண்டுபிடிச்சது 1877-ல. நூத்தம்பது வருஷம் ஆகப்போகுது. எங்க தெருச் சாக்கடைக்கு இன்னும் மூடி வரலை.

சாக்கடைன்னா சாதாரணச் சாக்கடை இல்லை. மழைநீர் வடிகால்! மழைத்தண்ணியைத் தவிர மத்த எல்லாம் அதுல ஓடும். ஓடும்னு சொன்னதும் தப்பு, நிக்கும். கியூலெக்ஸ் கொசுவுக்கு இதைவிட என்ன வேணும்? ஸ்லாப் உடைஞ்ச இடத்துல யாரோ ஒரு தென்னமட்டையைச் சொருகி வெச்சிருக்காங்க, ஆள் விழாம இருக்க. ஆப்ல புகார் போட்டேன். மூணாம் நாள் "தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ். கூடவே ஒரு போட்டோ. பளிச்சுன்னு புது ஸ்லாப். எந்தத் தெருவோ! அந்தத் தெருக்காரங்க நல்லா இருக்கட்டும்.

கொசுவுக்குப் புகை அடிக்கிற வண்டி மட்டும் வரும். யாராவது முக்கியமானவங்க வர்றதுக்கு முந்தின நாள் கண்டிப்பா வரும். டீசல் நாத்தத்தோட தெருவே வெள்ளையாகும், ஜூலி கட்டிலுக்கு அடியில ஓடிடுவா. பறக்கிற கொசுல கொஞ்சம் சாகும், சரி. தண்ணிக்குள்ள கிடக்கிற கொசுப்புழுவைப் புகை என்ன பண்ணும்? வண்டி ஓட்டுற அண்ணன்கிட்டயே கேட்டேன். "எனக்கும் தெரியும் சார். அடிக்கச் சொன்னாங்க, அடிக்கிறேன்"னாரு. அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

அட்வைஸுக்குப் பஞ்சமே இல்லை. நாம கையில தடவிக்கிற கொசு கிரீமைத் தடவுங்கன்னாங்க. அதுல இருக்கிற டீட்டை நாய் நக்கினா விஷம். நாய் நக்காம இருக்குமா? கற்பூரத்தைக் கரைச்சுத் தெளின்னாங்க, அதுவும் விஷம்தான். நாய் கழுத்துல விடுற பெர்மெத்ரின் சொட்டு மருந்து சரிதான், ஆனா அது பூனைக்கு எமன். எங்க வீட்டுத் திண்ணையில சாயந்தரம் ஆனா பக்கத்து வீட்டுப் பூனை வந்து ஜூலிமேல சாய்ஞ்சுக்கிட்டுத்தான் தூங்கும். வேண்டாம்னு விட்டுட்டேன். கடைசியில டாக்டரம்மா சொன்னது மாசம் ஒரு மாத்திரை, எடை பார்த்து. அதையும் ரத்தம் பார்க்காம நாமளா மெடிக்கல்ல வாங்கிப் போட்டுடக் கூடாதாம். உள்ள ஏற்கெனவே நிறைய குஞ்சுப்புழு இருந்து, எல்லாம் ஒரே நேரத்துல செத்தா, நாய் சுருண்டு விழுந்துடுமாம். ஆக மாத்திரை, வலை, ஜன்னலுக்கு நெட், டாக்டர் ஃபீஸ். வரி? அதையும் கட்டியாச்சு. ரெண்டு பக்கமும் நாமதான் கட்டுறோம்னு எப்பவாவது தோணியிருக்கா உங்களுக்கு?

இப்படித் தெருவுல போறவங்க வர்றவங்களை எல்லாம் நிறுத்தி வெச்சுக் கொசு வகுப்பு எடுத்துக்கிட்டிருந்தேனா... போன ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில துணி எடுக்கப் போனேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஜூலியோட பழைய ஸ்டீல் தட்டு. வெயில் காலத்துல அவளுக்குத் தண்ணி வெச்சது, நானேதான் வெச்சேன். மழையில நிரம்பிக் கிடக்கு. குனிஞ்சு பார்த்தா, கமா கமாவா தலைகீழாத் தொங்குது. நிழல் பட்டதும் சர்ருனு அடிக்கு இறங்குது. நல்ல தண்ணியில வளர்ற ஏடிஸா இருக்கும். பகல்ல கடிக்கும், அதுவும் ஜூலிக்கு வந்த புழுவைச் சுமக்கும். முட்டையில இருந்து கொசுவா ஆக ஒரு வாரம், பத்து நாள் போதும். அந்தத் தட்டு அங்க எத்தனை மாசமா இருந்துச்சுன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதியிலயே நிறுத்திட்டேன்.

தட்டைக் கவுத்துட்டுக் கீழ வந்தேன். வீட்டம்மா "என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"ன்னா. ஒண்ணுமில்லைன்னேன். எதிர்வீட்டு சாருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? நீங்களும் சொல்லிடாதீங்க.

ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஜூலி வலைக்குள்ளதான் தூங்குறா. மூக்கு மட்டும் வெளிய. புழுங்குது போல, வலையை முட்டித் தூக்கி அந்த இடுக்குல நீட்டி வெச்சிருக்கா. மூக்குத்தண்டுல முடி குறைவா இருக்கிற இடமாப் பார்த்து ஒண்ணு உட்கார்ந்திருக்கு. வயிறு செவசெவன்னு.

நம்ம மாடிதோ, தெருவுதோ, யார் கண்டா. அடிக்கக் கையை ஓங்கினேன். அவ கண்ணைத் திறந்து, நான் அவளைத்தான் அடிக்கப் போறேன்னு நினைச்சுப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை.