ஊர்ல வீடு கட்டுறீங்களா? 29 அடி விட்டு வைங்க

ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் அப்பா அம்மாவுக்காக ஹோம் லோன்ல வீடு கட்டுறீங்களா? பிளான் போடும்போதே வீல்சேர் ஏறுற ரேம்புக்கு இடம் விடுங்க. “இப்போ யாருக்கு வேணும், அப்புறம் பார்த்துக்கலாம்”னு தள்ளிப்போடுறது சேமிப்பே இல்லை.

1 அடி உயரம் ஏற 12 அடி ரேம்ப் வேணும். மழைத்தண்ணிக்குப் பயந்து பேஸ்மட்டத்தை 2 அடி உயர்த்தினா, ரேம்ப் 24 அடி. கதவு முன்னாடி வீல்சேர் திரும்ப இன்னும் 5 அடி. வளைச்சுக் கட்டினாலும் நீளம் குறையாது. அந்த இடத்துல செப்டிக் டேங்க், சம்ப், கார் ஷெட் வந்துட்டா, அப்புறம் காசு இருந்தாலும் இடம் இருக்காது.

கேட்டிலிருந்து வாசல் வரை மணலா விட்டா முன்சக்கரம் புதையும்; 4 அடி அகலத்துக்கு கான்கிரீட் போடுங்க. மெரினாவுல 2022 நவம்பர்ல திறந்த மாற்றுத்திறனாளிகள் மரப்பாதை அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல சேதமாச்சு. கைப்பிடிக்கு 316 கிரேடு ஸ்டீல் கேளுங்க. உப்புக்காத்தை அது 304-ஐ விட நல்லாத் தாங்கும்.

இப்போ வரிக் கணக்கு. பழைய வரி முறையில, சொந்தமா குடியிருக்க வீடு கட்டின கடன் வட்டிக்கு வருஷம் 2 லட்சம் வரை கழிவு உண்டு. பின்னாடி மராமத்துக்கு வாங்குற கடனுக்கு அதிகபட்சம் 30,000 தான். புதிய முறையில ரெண்டுமே இல்லை.

முழங்கால் ஆபரேஷனோ ஸ்ட்ரோக்கோ சொல்லிட்டு வராது. இந்த வாரமே இன்ஜினியர்கிட்ட கேளுங்க: பிளான்ல அந்த 29 அடி எங்கே?