பாணுக்குள்ளே பயறு

யப்பானியரும் நாமும் ஓர் உணவுக்கு ஒரே பெயரை வழங்கி வருகின்றோம் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். நாம் 'பாண்' என்கிறோம். அவர்கள் 'பான்' என்கின்றனர். இரண்டுக்கும் தாய்ச்சொல் ஒன்றே. 1505ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், 1543இல் யப்பானையும் அடைந்தனர். இரு நாடுகளிலும் அவர்கள் தம் மொழிச் சொல்லை விட்டுச் சென்றனர். நம் வீடுகளில் வழங்கும் விசுக்கோத்தும் போறணையும் அவர்கள் வழியாக வந்த சொற்களே.

இந்தச் சொல்லுறவை எனக்கு நினைவூட்டியது ஒரு சிறு பணிஸ். சென்ற மாதம் என் மகள், தன் தோழி வீட்டு விருந்திலிருந்து ஒரு காகிதப் பெட்டியைக் கொண்டு வந்தாள். கீழைத்தேசப் பலகாரங்கள் விற்கும் கடையொன்றிலே வாங்கியவை என்றாள். உள்ளே, உள்ளங்கையில் அடங்கும் பணிஸ் நான்கு இருந்தன. மினுமினுப்பான மேற்பரப்பு; நடுவே கொப்பூழ் போன்றதொரு குழி.

"இதற்குப் பெயர் அன்பான், அம்மா" என்றாள் மகள். பெயர் தமிழ்போல் ஒலித்தது. ஆனால் யப்பானிய மொழியில் 'அன்' என்பது அவித்து மசித்து இனிப்பூட்டிய பயற்றைக் குறிக்கும். ஆகவே, அன்பான் என்பது பயற்றுப் பாண் என்பதேயாம்.

இப்பலகாரத்தின் பிறப்பு வரலாறு சுவையானது. 1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியபின், யப்பானின் போர்வீரர் குலத்தார் தம் பழைய தொழிலையும் மானியத்தையும் படிப்படியாக இழந்தனர். அக்குலத்தவரான கிமுரா யசுபே என்பவர் 1869இல் தோக்கியோவில் பாண் கடையொன்றைத் திறந்தார். வாளேந்திய குலத்தவர் மாப் பிசையத் துணிந்ததே ஒரு புதுமை. ஆனால் சோறுண்டு பழகிய மக்களுக்கு அந்த வரட்டுப் பாண் பிடிக்கவில்லை. எனவே கிமுரா, தம் நாட்டவர் நெடுங்காலமாக விரும்பியுண்ட 'மஞ்சு' என்னும் ஆவியிலவித்த பலகாரத்தை நோக்கினார். அதனுள்ளே வைக்கும் 'அசுக்கி' என்ற செம்பயற்று இனிப்பைப் பாணுக்குள் வைத்தார். மாவைப் பொங்கச் செய்வதற்கும் அந்நிய நொதியை நாடாது, அரிசி மது வடிப்பதற்குப் பயன்படும் நொதியையே சேர்த்தார். 1874இல் தோக்கியோவின் கின்சா வீதியிலே அன்பான் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு ஏப்பிரல் 4ஆந் திகதி, குழியிலே உப்பிலிட்ட செரிப்பூ ஒன்று பதித்து, மெய்ஜி பேரரசருக்கு அது படைக்கப்பட்டது. ஏப்பிரல் 4ஆந் திகதியை அன்பான் தினமாக யப்பானியர் இன்றும் நினைவுகூருகின்றனர். கிமுராவின் கடையும் கின்சாவில் இன்றும் நடைபெறுகின்றது.

இவ்வாறு வெளியிலிருந்து வந்ததைத் தமதாக்கிக்கொண்ட பலகாரங்கள் கிழக்காசியாவிலே பலவுள. கொங்கொங்கின் அன்னாசிப் பணிஸில் அன்னாசி அணுவளவும் இல்லை. மேலே பூசிய இனிப்பு மா போறணைச் சூட்டில் வெடித்து அன்னாசித் தோல்போலத் தோன்றுவதால் அப்பெயர். யப்பானின் 'மெலன் பான்' பெயர் பெற்றதும் தோற்றத்தினாலேயே. மக்காவோவின் முட்டைக் கிண்ணப் பலகாரம் போர்த்துக்கல்லின் பலகாரத்தைத் தழுவியது. ஆயினும் அதனை இன்றைய வடிவில் 1989இல் அங்கே விற்கத் தொடங்கியவர் அன்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர். உணவுக்குக் குலமும் கோத்திரமும் பார்ப்பது எத்துணை கடினம்!

மீண்டும் எங்கள் பெட்டிக்கு வருவோம். என் தாயார் எண்பது வயதைக் கடந்தவர். யாழ்ப்பாணத்துச் சமையலில் ஊறியவர். கடைப் பலகாரத்தை அவர் தொடுவது அரிது. பேத்தியின் வற்புறுத்தலுக்காக ஒரு துண்டை வாயிலிட்டார். சிறிது நேரம் மென்றார்.

"யப்பான் பலகாரமோ? இது எங்கடை பயற்றம் பணியாரமெல்லோ, பிள்ளை! எண்ணெயிலை சுடாமல் போறணையிலை வைச்சிருக்கினம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பயற்றை வறுத்து மாவாக்கி, தேங்காய்ப்பூவும் சர்க்கரைப் பாகும் சேர்த்துப் பிடித்து, அரிசிமாக் கரைசலில் தோய்த்துச் சுடும் பணியாரம் எங்கள் வீட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் இருந்தது. கடந்த ஆறேழு ஆண்டுகளாக இல்லை. தாயாருக்குக் கை நடுக்கம், எனக்கு அலுவலகம், மகளுக்கோ அது பழைய காலத்துப் பண்டம். அதன் பக்குவத்தை நான் எழுதி வைத்ததுமில்லை. அதே பயறு யப்பானியப் பெயரோடு அழகிய பெட்டியில் வந்தபோதுதான் எங்கள் வீட்டுப் பிள்ளை அதை ஆவலோடு உண்டாள். மது நொதியிலே மாவைப் பொங்கச் செய்ததை வியந்தேனே, அப்பமாவுக்குக் கள் விட்டுப் புளிக்க வைத்த நம் பாட்டிமார் செய்ததும் அதுவன்றோ?

அந்த ஞாயிற்றுக்கிழமையே மூவரும் சேர்ந்து முயன்றோம். முதல் முயற்சி தோல்வி. பயற்று மசியல் நீர்ப்பதமாக இருந்தமையால் அடிப்புறம் பிளந்து வழிந்தது; வழியாதவற்றிலும் ஆவி எழும்பி, பாணுக்கும் பயற்றுக்கும் இடையே பெரும் வெற்றிடத்தை உண்டாக்கியது. "சட்டியிலை ஒட்டாமல் உருண்டு வரவேணும், மோனை. அவிக்க முந்தி லேசாய் வறுக்கவும் வேணும்" என்று அம்மம்மா சொல்ல, மகள் கொப்பியிலே குறித்துக்கொண்டாள். இரண்டாம் முயற்சி கைகூடியது. அம்முறையைக் கீழே தருகிறேன்; பத்துப் பணிஸுக்கு இது போதும்.

உள்ளீடு: கோது நீக்கிய பயறு 150 கிராமை வாசம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, அளவான நீரில் குழைய அவித்து மசிக்கவும். தூளாக்கிய பனங்கட்டி அல்லது சீனி 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, சிறிது ஏலக்காய்த் தூள் சேர்த்து, சட்டியில் ஒட்டாது திரளும்வரை கிளறி இறக்கவும். நன்றாக ஆறிய பின் பத்து உருண்டைகளாகப் பிடிக்கவும். சூட்டோடு வைத்தால் மாவிலுள்ள ஈஸ்ட் கெட்டுவிடும்.

மேல் மா: கோதுமை மா 250 கிராம், சீனி 30 கிராம், உடனடி ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, முட்டை ஒன்று, வெதுவெதுப்பான பால் 110 மில்லிலீற்றர் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசையவும். பின்னர் வெண்ணெய் 30 கிராம் சேர்த்து, மா மிருதுவாகி இழுபடும்வரை அடித்துப் பிசையவும். மூடி வைத்தால், நம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இருமடங்காகும். பத்துப் பங்காக்கி, ஒவ்வொன்றையும் தட்டி, நடுவே உருண்டையை வைத்து இறுக மூடவும். மூடிய பக்கம் கீழே இருக்கத் தட்டில் அடுக்கி, அரை மணி நேரம் பொங்கவிடவும். பாலை மேலே பூசி, விரலால் நடுவே ஆழ அழுத்தவும். அவ்வாறு அழுத்துவது பாணும் பயறும் பிரியாதிருக்க உதவும். 180 பாகை செல்சியஸில் பதினைந்து நிமிடமளவில் பொன்னிறமாகும்.

செரிப்பூவுக்கு நாம் எங்கே போவது? குழியிலே சிறிது எள்ளைத் தூவினோம். யப்பானிலும் எள்ளுத் தூவிய அன்பான் உண்டு.

புதிய பலகாரங்களைச் சுவைப்பதில் தவறில்லை. பிள்ளைகளைத் தடுக்கவும் வேண்டா. ஆயினும் கிமுரா நமக்குக் காட்டிய வழி வேறு. பிறநாட்டுப் பாணை ஏற்ற அவர், அதற்குள்ளே வைத்தது தம் வீட்டுப் பயற்றை. வைப்பதற்கு நம்மிடம் ஏதும் இருக்க வேண்டுமாயின், அப்பக்குவம் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

என் மகளின் கொப்பியில் இப்பொழுது இரண்டாம் பக்கம் நிரம்பியிருக்கின்றது. அதன் தலைப்பு: 'பயற்றம் பணியாரம், அம்மம்மா சொன்னபடி.' இவ்வாண்டுத் தீபாவளிக்கு அதைத் தானே சுடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.