ஏழு தடவை சரியா வந்தா போதுமா?



31 ஒரு பகா எண். இது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முன்னால ஒரு 3 போடுங்க. 331, அதுவும் பகா எண். இன்னொரு 3 போட்டா 3331, அதுவும்தான். அப்புறம் 33331, 333331, 3333331, 33333331. எல்லாமே பகா எண்கள்!

மொத்தம் ஏழு. ஸ்ரீரங்கத்துல ஏழு மதில் எண்ணிப் பழகின நமக்கு ஏழு வந்துட்டாலே ஒரு நிறைவு. "இனிமே எத்தனை 3 சேர்த்தாலும் பகா எண்தான்டா" என்று நான் கேட்ட எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அடுத்தது 333333331. ஒண்ணாம் நம்பர் பஸ் காவேரிப் பாலத்துல நின்னப்போ நோட்டுல வகுத்துப் பார்த்தேன். 3, 7, 11, 13 எதாலும் போகல. 17 போட்டேன். மீதியே இல்லை!

17 × 19607843 = 333333331.

வேடிக்கை என்னன்னா, இதுக்கு முந்தின எண் பகா எண்தான்னு உறுதியா சொல்ல 5773 வரைக்கும் உள்ள பகா எண்கள் எல்லாத்தாலயும் வகுத்துப் பார்க்கணும். எழுநூறுக்கு மேல இருக்கு. இது ஏழாவது பகா எண்ணிலேயே விழுந்துடுச்சு.

17 இல்லாட்டியும் இந்த வரிசை பிழைச்சிருக்காது. பதினைந்து 3-ஐ வரிசையா எழுதினா அந்த எண் 31-ஆல் மீதியின்றி வகுபடும். அதுக்குப் பின்னால 31 என்று சேர்த்து எழுதுங்க. முன்பகுதியும் வகுபடும், கடைசி 31-உம் வகுபடும். ஆக, அந்த 17 இலக்க எண் பகா எண்ணா இருக்கவே முடியாது. வரிசையோட முதல் எண்ணே வரிசையைக் கெடுக்குது!

நாம விடைத்தாள்ல 1, 2, 3 போட்டுப் பார்த்துட்டு "எனவே நிரூபிக்கப்பட்டது" என்று எழுதுறோம். எனக்கு அரையாண்டுல அதுக்கு நாலு மார்க் போச்சு. "சரியாத்தானே சார் வருது?" என்று வாதாடினேன். சார் செய்ததுதான் நியாயம், இப்போ ஒத்துக்கறேன். (அஞ்சு வருஷமா வந்த கணக்கு இந்த வருஷமும் கண்டிப்பா வரும்னு நம்பிப் படிக்கிறவங்களும் யோசிக்கலாம்.)

கும்பகோணத்து ராமானுஜனே 1913-ல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்துல, ஒரு எண்ணுக்குள்ள எத்தனை பகா எண்கள் இருக்குன்னு சொல்ல ஒரு சூத்திரம் கண்டதா எழுதினார். அது அவர் நினைச்ச அளவுக்குத் துல்லியமா இல்லை. அவருக்கே அப்படின்னா நமக்கு என்ன வெட்கம்?

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1 முதல் 100 வரை கட்டம் போட்டு, அடிச்சு, பகா எண் பாடத்தை முடிச்சுடறோம். அங்கே எதுவும் உடையறதே இல்லை. மார்க் குறைக்கிறதுக்கு முன்னாடி, இப்படி உடைகிற ஒரு வரிசையைக் கரும்பலகையில போட்டுக் காட்டுங்களேன்.

25 இலக்கம் வரும்போது 17 மறுபடியும் வகுக்கும். ஏன் என்று கண்டுபிடிச்சவங்க எழுத கீழே இடம் விட்டிருக்கேன். பென்சிலால் எழுதவும்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு