கையை நீட்டாதேங்கோ!

கோடை விடுமுறை வந்தால் சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ் என்று பல பக்கமிருந்தும் எம்மவர்கள் பலெர்மோவில் வந்து இறங்குவார்கள். உறவினர் வீடு, பல்லறோ சந்தை, மொன்தே பெல்லெகிரினோ மலையில் சாந்த ரொசாலியா மாதாவுக்கு ஒரு நேர்த்தி. சைவர், கத்தோலிக்கர் என்ற பேதமின்றி எங்கள் சனம் அந்த மலை ஏறுவது இந்நகரத்தாருக்கே தெரிந்த விடயம். வருபவர்கள் எங்களிடம் தவறாமல் கேட்பது: "இங்கே கள்ளர் கூடவோ?"

கள்ளரை விடுங்கள். வாயால் காசு கறப்பவர்களிடம்தான் அநேகர் ஏமாறுகிறார்கள். மிலானோவிலும் றோமிலும் பேர்போன நூல் கட்டும் வித்தை இங்கேயும் உண்டு. சிரித்துக்கொண்டு வருவார், "நண்பா" என்பார், கையைப் பிடிப்பார். மணிக்கட்டில் நூல் ஏறிய பிறகுதான் விலை வரும். ஆகவே கையை நீட்டவே வேண்டாம். "நோ, கிராட்சியே" என்று ஒருமுறை சொல்லி நடையைக் கட்டுங்கள். நின்று விளக்கம் சொன்னால் அது பேரம் பேசுவதாகிவிடும்.

எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம் இருக்கிறது. யாராவது குரலை உயர்த்தினால் கை தானாகவே சட்டைப்பைக்குப் போய்விடும். சென்றியில் நின்று அடையாள அட்டை காட்டிப் பழகிய உடம்பு அல்லவா? வீதியில் கத்துபவருக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பதைப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கூட்டிவாருங்கள். உங்கள் பத்திரத்தைக் கேட்கும் உரிமை பொலிசாருக்குத்தான். அதைப் பின்பையில் வைக்காமல் உள்பையில் வையுங்கள். பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். நெரிசலான பஸ்ஸில் பணப்பை போனால் காசோடு போயிற்று. அகதிப் பயணப் பத்திரம் போனால் எத்தனை மாத அலைச்சல் என்று உங்களுக்கே தெரியும்.

கார் நிறுத்துமிடத்தில் கைகாட்டி நாணயம் கேட்பவர் வேறு ரகம். நீலக்கோட்டுக்குள் நிறுத்தினால் சீட்டு வாங்க வேண்டும், வெள்ளைக்கோடு இலவசம். இவருக்குச் சட்டப்படி ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. கொடுப்பதா விடுவதா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. பிள்ளைகள் காரில் இருந்தால் வாக்குவாதப்படாமல் வேறிடத்தில் நிறுத்துவதே எங்கள் கட்சி.

மூன்று சில்லு வண்டியில் நகரம் சுற்ற ஆசையென்றால் ஏறுமுன் "குவாந்தோ இன் துத்தோ?" என்று கேளுங்கள். மொத்தம் எவ்வளவு என்று அர்த்தம். தலைக்கா, வண்டிக்கா என்பதை இறங்கும்போது கேட்டுப் பயனில்லை. நடைபாதையில் விற்கும் போலிக் கைப்பையிலும் கவனம்: பிடிபட்டால் வாங்கியவருக்கும் 7,000 யூரோ வரை தண்டம் வரலாம்.

மிரட்டல் என்றால் 112. பொலிசுக்குப் போனால் எங்களுக்குத்தான் வில்லங்கம் என்று ஒதுங்குபவர்களுக்கு இந்த ஊர்க் கதையொன்று. வியா மக்குவெதா வீதியிலும் பல்லறோ பக்கத்திலும் கடை வைத்திருந்த வெளிநாட்டவர்கள், பெரும்பாலும் வங்காளதேசத்தவர், உள்ளூர்ச் சண்டியர்களின் கப்பத்தைச் சகித்து வந்தார்கள். 2016 ஏப்ரலில் அங்கே கம்பியா நாட்டு இளைஞர் ஒருவர் சுடப்பட்டார். கடைக்காரர்கள் வாய் திறந்து முறையிட்டார்கள். அடுத்த மாதமே 10 பேர் கைதானார்கள்.