எக்ஸ்-ரே முன்னாடி அரியர் கிடையாது!

போன வாரம் எங்க வீட்ல பெரிய பஞ்சாயத்து. நாட்டாமை... அடியேன்தான்!

மேட்டர் இதுதான். என் தம்பி டென்த் பாஸ் பண்ணிட்டான். ‘ப்ளஸ் ஒன் வேணாம், ஐ.டி.ஐ-ல வெல்டர் டிரேட் சேர்றேன்’னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அம்மா ஒரே அழுகை. அப்பா வழக்கம்போல பேப்பருக்குப் பின்னாடி. ‘‘நீதானே இன்ஜினீயரிங் படிக்கிறே... நீ சொன்னா கேப்பான், சொல்லு’’ன்னு என்னை இழுத்து விட்டுட்டாங்க.

நானும் கெத்தா ஆரம்பிச்சேன். ‘‘டேய், டிகிரி இல்லாம இந்தக் காலத்துல...’’

‘‘உனக்கு எத்தனை அரியர்?’’

மூணு. நாட்டாமை கப்சிப்!

தம்பியைக் ‘கெடுத்தது’ (அம்மா பாஷை) எங்க பெரியப்பா பையன். திருச்சி துவாக்குடியில ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்ல வெல்டர். திருச்சிக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். ‘பெல்’ கம்பெனியைச் சுத்தி அப்படி யூனிட்கள் நிறைய. அண்ணன் படிச்சது டென்த்துக்கு மேல ஒரே ஒரு வருஷம். இப்போ வயசு இருபத்தாறு. நாள் கூலி 1,200 ரூபாய். மாசம் 25 நாள் வேலை இருந்தா 30,000.

இப்ப நம்ம கணக்குக்கு வாங்க. பெரிய ஐ.டி. கம்பெனிகள் ஃப்ரெஷருக்குத் தர்றது வருஷத்துக்கு மூணு, மூணரை லட்சம். பத்து வருஷத்துக்கு மேல கிட்டத்தட்ட இதே நம்பர்தான் ஓடிட்டு இருக்கு. டீ, பஸ் பாஸ் எல்லாம் ஏறிடுச்சு, இது மட்டும் ஏறலை. பிடித்தம் போக மாசம் கைக்கு வர்றது அண்ணன் சம்பளத்தைவிடக் கம்மி. அதுவும் கேம்பஸ்ல வேலை கிடைச்சா! என் நாலு வருஷத்துக்கு எங்க வீட்டுச் செலவு சுமார் அஞ்சு லட்சம். அதுல பாதி பேங்க் லோன். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேணாம்னு சொல்வாங்க, சந்தோஷம். ஆனா, வட்டி மட்டும் முதல் நாள்ல இருந்தே ஏறிட்டு இருக்கும். லோன் வாங்கினவங்க யாராவது அந்த பேப்பரை முழுசா படிச்சீங்களா பாஸ்?

இன்னொண்ணு. என் ஃபர்ஸ்ட் இயர் ஹாஸ்டல் ஃபீஸ் கட்டினது யாருங்கறீங்க? அதே அண்ணன்தான். அது தெரிஞ்சும் தம்பிகிட்ட நான் டயலாக் பேசினேன் பாருங்க!

சரி, நேர்லயே பார்த்துடலாம்னு ஞாயித்துக்கிழமை தம்பியோட துவாக்குடிக்குப் போனேன். அண்ணன் 6ஜி டெஸ்ட்டுக்குப் பிராக்டீஸ் பண்ணிட்டு இருந்தார். பைப்பை 45 டிகிரி சாய்ச்சு இறுக்கிடுவாங்க. பைப்பைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் குனிஞ்சு, வளைஞ்சு, நிமிர்ந்து அதைச் சுத்தி வரணும். முடிச்சதும் எக்ஸ்-ரே எடுப்பாங்க. உள்ளே காத்துக் குமிழி இருந்தாலோ, கசடு மாட்டியிருந்தாலோ ஃபிலிம்ல தெரிஞ்சுடும். அளவை மீறினா அவ்ளோதான், ஃபெயில். அரியர், ரீவேல்யுவேஷன், கருணை மார்க் எதுவும் கிடையாது. பாய்லர் வேலைக்கான சர்டிஃபிகேட்டுக்கு எக்ஸ்பயரி டேட் வேற உண்டாம். காலம் முடிஞ்சா திரும்ப டெஸ்ட் கொடுக்கணும். நம்ம டிகிரிக்கு அப்படி ஒரு தேதி போட்டா எத்தனை பேர் தேறுவோம்?

என் கதையைக் கேளுங்க. ஆர்க் வெல்டிங் பத்தி படம் போட்டு, பாகம் குறிச்சு 13 மார்க் கேள்விக்குப் பதில் எழுதினவன் நான். லேப்ல ஹோல்டரைக் கையில பிடிச்சது மொத்தமே பத்து நிமிஷம். ராடு போய் தகட்டுல ஒட்டிக்கிச்சு. லேப் அசிஸ்டென்ட்தான் பிடுங்கி விட்டார்!

இதோட நிறுத்தினா, ‘காலேஜை விட்டுட்டு ஐ.டி.ஐ. போங்க மக்களே’ன்னு தீர்ப்பு சொல்லிட்டு ஜாலியா வந்திருப்பேன். டீக்கடையில அண்ணன்தான் மீதியைச் சொன்னார்.

கண்ணாடி இல்லாம ஒரு நிமிஷம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துட்டா, ராத்திரி கண்ணுல மணலை அள்ளிக் கொட்டின மாதிரி இருக்குமாம். புகை நெஞ்சுக்குள்ள போகுது. மழை, கரன்ட் கட், ஆர்டர் இல்லைன்னா கூலியும் இல்லை. பி.எஃப். இல்லை. 2010-களின் நடுவுல மின் நிலைய ஆர்டர்கள் குறைஞ்சப்போ, அந்தப் பக்கம் பல யூனிட்டுகளுக்குப் பூட்டு. அவரோட சீனியர்கள் நிறைய பேர் அப்போ வளைகுடாவுக்கு ஃப்ளைட் ஏறினாங்க. ‘‘இருபத்தாறுல 1,200. நாப்பத்தாறுலயும் இதே முட்டியை வெச்சுக்கிட்டு இதே வேலைதான். உனக்கு அப்படி இல்லைடா, மேல ஏற படி இருக்கு’’ன்னார். படியில ஏற விடுவாங்களாங்கறது வேற கதை, ஆனா படி இருக்கறது நிஜம்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் தோண்டினேன். ஐ.எல்.ஓ-வும் ஒரு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் ஒரு கணக்கு. 2022 நிலவரப்படி இளைஞர்கள்ல, பட்டதாரிகளோட வேலையின்மை 29.1 சதவிகிதம். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு வெறும் 3.4! பார்த்ததும், ‘படிப்பு வேஸ்ட்’டுன்னு ஸ்டேட்டஸ் போடக் கை துறுதுறுத்தது. யோசிச்சா, அது இல்லை விஷயம். எழுதப் படிக்கத் தெரியாதவர் வேலை தேடிட்டு வீட்ல உட்கார முடியாது. அடுத்த நாள் அடுப்பு எரியணுமே... கிடைச்ச வேலைக்குப் போயிடுவார். நம்மளால ‘நல்ல வேலை வரட்டும்’னு ஒரு வருஷம் காத்திருக்க முடியுது. ஆனா, அந்த ஒரு வருஷச் சோத்துக்கு யார் காசு கொடுக்கறாங்க? எங்க வீட்ல, கண்ணுல மணல் கொட்டின மாதிரி எரிச்சலோட ஒருத்தர் தூங்காம முழிச்சிருந்து கொடுத்தார்.

கிளம்பும்போது தம்பிகிட்ட அண்ணன் சொன்னதுதான் எங்க ரெண்டு பேருக்குமே ஷாக். ‘‘வெல்டர் சேராத. வெல்டிங் நான் கத்துத் தர்றேன். நீ ஃபிட்டர் சேரு, ரெண்டு வருஷம். முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா செகண்ட் இயர் போகலாம். டிப்ளமோ முடிச்சா பி.இ-லயும் நேரா செகண்ட் இயர். போறியோ இல்லையோ, கதவைச் சாத்தாம வெச்சுக்க. எனக்கு அன்னிக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.’’

திங்கட்கிழமை ஐ.டி.ஐ. அப்ளிகேஷனை ரொப்பினது நான்தான். முதல் சாய்ஸ் ஃபிட்டர், ரெண்டாவது வெல்டர். தம்பிக்கு அரை மனசு. அம்மாவுக்கு அதுவும் இல்லை. சம்பளக் கணக்கு, பாலிடெக்னிக் கணக்கு எல்லாத்தையும் பேப்பர்ல போட்டுக் காட்டினேன். பொறுமையா பார்த்தாங்க. போன வருஷம் அண்ணனுக்குப் பொண்ணு பார்க்கப் போன ரெண்டு இடத்துலயும், ‘‘மாப்பிள்ளை என்ன படிச்சிருக்கார்?’’னு கேட்டுட்டு, காபி மட்டும் கொடுத்து அனுப்பினாங்க. அம்மாவும் கூடப் போயிருந்தாங்க.

‘‘கணக்கெல்லாம் சரிடா. இவன் கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பக்கத்துல என்னடா போடறது?’’ன்னு கேட்டாங்க.

நாலு நாளா யோசிக்கிறேன். உங்ககிட்ட பதில் இருந்தா ஒரு மெயில் தட்டுங்க ஃப்ரெண்ட்ஸ்... அம்மாகிட்ட அப்படியே படிச்சுக் காட்டிடறேன்!