‘ஊர் மக்கள்’ என்பது ஒரு பெயரா?

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு குறும்படம் திரையிட்டார்கள். இருளர் குடியிருப்பு ஒன்றில் எடுத்த இருபது நிமிடப் படம். எடுத்தவர்களின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. என் சண்டை, வாசலில் கொடுத்த துண்டுத்தாளோடு.

இயக்குநர் இரண்டு பெரிய இயக்குநர்களிடம் ஆறு ஆண்டுகள் உதவியாளராக இருந்தவர். ஒளிப்பதிவாளர் விளம்பரப் படங்களில் அனுபவம் உள்ளவர். படத்தொகுப்பாளர் வெளிநாட்டில் படித்தவர். கதாநாயகி சென்னை நாடகக் குழுவில் பயின்றவர். ஆளுக்கு நாலு வரி. கடைசியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வரி: ‘மற்றும் ஊர் மக்கள்’.

அந்த ‘ஊர் மக்க’ளில் ஒரு பாட்டி. அவர் அழுத காட்சிக்குத்தான் அரங்கம் கைதட்டியது. அந்தத் தாளில் அவருக்குப் பெயர் இல்லை. செங்கல் சூளையிலும் கரும்புக் காட்டிலும் தேய்ந்த உடம்பு அது. அந்த வாழ்க்கையை அப்படியே கேமரா எடுத்துக்கொண்டது. அனுபவம் என்று எழுத மட்டும் அங்கே இடமில்லை.

தோழர்களே, ‘அனுபவம்’ என்ற சொல்லை நாம் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டும். உதவி இயக்குநராக ஆறு ஆண்டு இருப்பது என்றால் என்ன? சம்பளம் வரும், வராது. சாலிகிராமத்தில் அறை வாடகை மட்டும் மாதம் தவறாமல் கட்ட வேண்டும். அந்த ஆறு ஆண்டும் வீட்டிலிருந்து யாரோ பணம் அனுப்ப வேண்டும். விழுப்புரத்துச் சேரியில் நிலைமை தலைகீழ். அங்கே கல்லூரி முடித்த பையன்தான் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். திறமையில் இருவரும் சமம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்கு அனுபவம் சேரும், இன்னொருவனுக்குக் கடன் சேரும். துண்டுத்தாளில் இருக்கும் அந்த நாலு வரி, சாதி பெயர் போடாத சாதிச் சான்றிதழ்.

மிகையாகச் சொல்கிறேனா? 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த திரைப்படக் கொள்கை மாநாட்டை நினைத்துப் பாருங்கள். பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்குக் கேரள அரசு படம் எடுக்க ஒன்றரைக் கோடி ரூபாய் தருகிறது. அந்த மேடையில் அடூர் கோபாலகிருஷ்ணன், இவர்களுக்குக் குறைந்தது மூன்று மாதப் பயிற்சி வேண்டும், தொகையையும் குறைக்க வேண்டும் என்றார். அப்பன் காசில் முதல் படம் எடுக்க வருகிறவனிடம் இந்த மூன்று மாதக் கணக்கை யாராவது கேட்டிருக்கிறார்களா?

சரி, பயிற்சிக்கே போகலாம் என்றால்? கோட்டயத்தில் கே.ஆர். நாராயணன் பெயரில், தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் குடியரசுத் தலைவரின் பெயரில், ஒரு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. சேர்க்கையில் இடஒதுக்கீடு மறுக்கப்படுகிறது, துப்புரவுப் பணியாளர்கள் சாதியால் அவமதிக்கப்படுகிறார்கள் என்று சொல்லி 2022 டிசம்பரில் மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அடுத்த மாதமே இயக்குநர் பதவி விலக நேர்ந்தது. வாசல் திறக்கவே போராட வேண்டியிருக்கிறது.

இது புதிய கதை அல்ல. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ நாயகி பி.கே. ரோசி, புல்லறுத்துப் பிழைத்த, நாடகம் ஆடத் தெரிந்த தலித் பெண். நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் துரத்தப்பட்டார். தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்து, வேறு பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்து மறைந்தார். ஒரே படம். அதோடு முடிந்தது அவர் ‘திரைப்பயணம்’.

நம் காலத்துக்கு வருவோம். ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் பரியனின் அப்பாவாக வந்தவர் நெல்லை தங்கராஜ். நிஜமான கூத்துக் கலைஞர். அந்த ஓட்டத்தைப் பார்த்துக் கலங்காதவர் இல்லை. படம் வெளியாகி மூன்று ஆண்டுக்குப் பிறகும் அவர் ஒழுகுகிற வீட்டில்தான் இருந்தார் என்று செய்தி வந்தது. பிறகு மாவட்ட நிர்வாகமும் எழுத்தாளர் சங்கத் தோழர்களும் கைகொடுத்தார்கள். 2023இல் இறந்துபோனார். நம் படம், நம் இயக்குநர். அப்போதும் இதுதான் நிலை என்றால், குறை ஒரு ஆளிடம் இல்லை. கலைஞனுக்கு அடுத்த வேலை தராத ஏற்பாட்டில் இருக்கிறது.

‘அப்படியானால் தலித் கதையைத் தலித் மட்டும்தான் எடுக்கணுமா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. இருளர்களுக்காகத் திண்டிவனத்தில் சங்கம் கட்டிப் பல ஆண்டுகள் வழக்கு நடத்தும் பிரபா கல்விமணி இருளர் அல்ல. 2021இல் ‘ஜெய் பீம்’ வந்தபோது, இருளர் கல்வி அறக்கட்டளைக்குச் சூர்யா ஒரு கோடி ரூபாய் கொடுத்தார். மறுக்காமல் பாராட்டுவோம். நன்கொடை நல்லது. ஆனால் நாம் கேட்பது தொழில். அந்தப் படத்தில் இருளர்களே நடித்தார்கள். அவர்களில் எத்தனை பேரை அடுத்த படத்துக்கு யார் கூப்பிட்டார்கள்?

நம் மாவட்டத்துக்குக் கேமராக்கள் இன்னும் வரும். 1978இல் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்ட கதை இருக்கிறது. 2023இல் கோயிலுக்குள் நுழைந்ததற்காக அடிவாங்கிய மேல்பாதி இருக்கிறது. கதைக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. வேலைக்குத்தான் பஞ்சம்.

எனவே மாணவர்களே, அடுத்த குழு உங்கள் தெருவுக்கு வந்தால் டீ வாங்கிக் கொடுங்கள், கூடவே நாலு கேள்வியும் கேளுங்கள். நடிக்கும் எங்கள் ஆட்களுக்குத் தினக்கூலி எவ்வளவு, அதைத் தாளில் எழுதித் தருவீர்களா? ஒவ்வொருவர் பெயரும் டைட்டிலில் தனித்தனியாக வருமா? கேமரா, ஒலி, எடிட்டிங் மூன்றிலும் எங்கள் பிள்ளை ஒருவரைச் சம்பளத்தோடு உதவியாளராகச் சேர்ப்பீர்களா? படத்தை முதலில் இந்தத் தெருவில் போட்டுக் காட்டுவீர்களா?

நாமும் யோக்கியம் இல்லை. அன்றைக்குத் திரையிடல் முடிந்ததும் மேடைக்கு இயக்குநரைத்தான் கூப்பிட்டோம், அவருக்குத்தான் சால்வை போட்டோம். பாட்டி பின்வரிசையில் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பெயர் கேட்டேன். சொன்னார். ‘இதுவரைக்கும் யாரும் கேக்கல தம்பி’ என்றும் சொன்னார்.

அவர் அனுமதி இல்லாமல் அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. டைட்டிலில் எழுதவேண்டிய கடமை அவர்களுக்கு இருந்தது.

ஜெய் பீம்.