அன்று காலை ஏழரை மணிக்கு நாம் எங்கே இருந்தோம்?



எதிர்வரும் ஒக்டோபர் 29ஆம் திகதியுடன் கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டம் மண்ணுக்குள் போய்ப் பத்து வருடங்கள் நிறைவடைகின்றன. இம்முறை அது செவ்வாய்க்கிழமை. இரண்டு நாள் கழித்துத் தீபாவளி. 2014இல் தீபாவளி முந்திக்கொண்டு 22ஆம் திகதியே வந்துவிட்டது. சரியாக ஒரு வாரம் கழித்து, அடுத்த புதன்கிழமை காலையில் மலை இறங்கியது. தீபாவளிக்கு எடுத்த புதுத் துணியை இரண்டாம் முறை உடுத்தக்கூட அங்கே பலருக்கு நாள் கிடைக்கவில்லை.

அந்தக் காலையைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் தோட்டங்களில் ஒவ்வொருவரும் முதலில் தாங்கள் நின்ற இடத்தைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் மேட்டு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்றாராம். கங்காணியின் போனுக்குக் கோல் வந்ததும் நிரையில் இருந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்களாம். இன்னொருவர் கொழும்பில் புடைவைக் கடையில் வேலை. முதலாளி தொலைக்காட்சியைப் போட்டபோது “பதுளை”, “தோட்டம்”, “மண்சரிவு” என்ற மூன்று சொற்கள்தான் காதில் விழுந்தன. எந்தத் தோட்டம் என்று தெரியவில்லை. வீட்டுக்குக் கோல் எடுத்தால் லைன் கிடைக்கவில்லை. அந்த அரை மணித்தியாலத்தை இன்றைக்கும் அவர் முழுதாகச் சொல்லி முடிப்பதில்லை.

இதை எழுதும் நாம் அன்று வகுப்பறையில் இருந்தோம், வேறொரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். காலைக் கூட்டம் முடிந்து பிள்ளைகளின் வரவு இடாப்பைக் குறித்துக்கொண்டிருந்த நேரம் அது. மழை விடாமல் பெய்ததால் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. செய்தி இடைவேளைக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, “சேர், நம்ம லயத்துக்கு மேலேயும் மலைதானே இருக்கு?” என்று கேட்டது. பத்து வருடமாகியும் அந்தக் கேள்விக்கு நேரான பதில் நம்மிடம் இல்லை.

நாட்டில் பெரிய துயரம் ஒன்று நடந்தால் மக்கள் இப்படி இடம் சொல்லி நினைவுவைப்பது வழக்கம். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், கடலையே காணாத நம் மூத்தவர்களும் சொல்வார்கள். அன்று ஞாயிறு, போயா தினமும்கூட; லயத்தில் எல்லோரும் வீட்டில் இருந்தோம், கரையோர நகரங்களுக்கு வேலைக்குப் போயிருந்த பிள்ளைகளை நினைத்துத் துடித்தோம் என்று. இன்றைக்கும் ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் திகதியும் காலை 9.25க்கு நாடே இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறது. நாமும் நிற்கிறோம், நிற்க வேண்டியதுதான். மீரியபெத்தைக்காக மலையகத்துக்கு வெளியே யாராவது இரண்டு நிமிடம் நின்றதை நாம் கண்டதில்லை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது நாட்டுக்கு நினைவிருக்கிறது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹனவில் தோட்ட லயம் புதைந்து நம்மவர்கள் மடிந்தது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

ஆனால் நாம் சொல்ல வந்தது அந்த மனக்குறையை அல்ல. மீரியபெத்தையில் “எங்கே இருந்தாய்” என்ற கேள்விதான் உயிரையும் சாவையும் பிரித்தது. மண் இறங்கியது காலை ஏழரை மணியளவில். பெரட்டுக்கு முன்னமே போனவர்கள் தப்பினார்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. வயதானவர்கள், கைக்குழந்தைகள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகாமல் நின்றவர்கள், உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தவர்கள், மழைக்காக அன்றைய பெயரை விட்டவர்கள் — லயத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான். லயங்களோடு கோயிலும் போனது.

அதற்குப் பிறகு எத்தனை பேர் என்ற கேள்வி வந்தது. முதல் நாட்களில் காணாமற்போனவர்கள் நூற்றுக்கும் மேல் என்றார்கள். பிறகு அந்த எண் இறங்கிக்கொண்டே வந்து, முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் நின்றது. எல்லோருடைய உடலும் கிடைக்கவில்லை. சிலருக்கு அந்த மலைதான் புதைகுழி. எண் ஏன் அப்படி ஏறி இறங்கியது? பிள்ளைகள் யார் யார் என்று சொல்லப் பள்ளிக்கூடத்தில் இடாப்பு இருக்கிறது. வேலைக்கு இறங்கியவர்கள் யார் என்று சொல்லக் கணக்கப்பிள்ளையின் கையில் செக்ரோல் இருக்கிறது. அந்த நேரம் வீட்டில் இருந்தவர்கள் யார் என்று சொல்ல எந்தப் புத்தகமும் இல்லை. பெயர் போட்டால் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதால் தோட்டம் வேலைக்காரரை எண்ணி வைத்திருக்கிறது. அறுபது வயதுக்கு மேல் காம்பராவில் இருக்கும் அப்பாயியை யாரும் எண்ணுவதில்லை. தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்து இன்னும் திரும்பாத மகனையும் எண்ணுவதில்லை.

இன்னொரு பேச்சும் நம் காதில் இன்னும் சுடுகிறது. “முன்னமே எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை.” எச்சரித்தது உண்மை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. எங்கே போகச் சொன்னார்கள்? லயக் காம்பரா நம் பெயரில் இல்லை. விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. பக்கத்துத் தேயிலைக்குள் ஒரு குடிசை போட்டால் அடுத்த நாள் தோட்ட அலுவலகத்திலிருந்து ஆள் வரும். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் போட்டால்தான் காம்பரா நிலைக்கும். இப்படி ஆணியடித்து வைத்திருக்கும் சனத்திடம் “போ” என்று ஒரு கடிதத்தைக் காட்டினால் அது எச்சரிக்கையா, பொறுப்பைக் கைகழுவும் பத்திரமா? போக இடத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லியிருந்து அவர்கள் மறுத்திருந்தால் அது வேறு கதை.

இதில் தொழிற்சங்கங்களும் வெள்ளை வேட்டியோடு ஒதுங்கி நிற்க முடியாது. நமது சங்கமும்தான். சம்பள ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும்போது ரூபாய்க் கணக்கை மேசையில் தட்டிய அளவுக்கு, எந்த லயம் எந்தச் சரிவின் அடியில் இருக்கிறது என்ற கணக்கைத் தட்டினோமா? 2005க்கும் 2014க்கும் இடையில் எத்தனை மே தின ஊர்வலம் போனோம்! அவற்றில் எத்தனை பதாகையில் மண்சரிவு என்ற சொல் இருந்தது? இதை எழுத நமக்குச் சங்கடமாக இருக்கிறது. எழுதாமல் விடுவது அதைவிடச் சங்கடம்.

தப்பியவர்கள் முதலில் பள்ளிக்கூடங்களில் இருந்தார்கள். பிறகு பல குடும்பங்கள் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடத்துக்குள் மறைப்புக் கட்டி வாழ்ந்தன. பூனாகலைப் பக்கம் 75 புது வீடுகள் கட்டிக் கையில் கொடுக்க ஏறத்தாழ இரண்டு வருடங்கள் ஆயின. அதற்குப் பிறகும் மலை ஓயவில்லை. 2023 மார்ச் மாதம் அதே பூனாகலையில் கபரகலை தோட்டத்து லயங்கள் மண்சரிவில் நொறுங்கின. அங்கேயும் குடும்பங்கள் இடம்பெயர்ந்து அடைக்கலம் தேடின.

இப்போது மறுபடியும் ஐப்பசி மழை. காணியும் வீடும் கேட்டு நடத்தும் போராட்டம் தொடரும். 7 பேர்ச்சஸ் என்று நமக்கு அளந்து காட்டிய காணி எத்தனை குடும்பத்தின் கைக்கு உறுதியோடு வந்தது என்பதைத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் இந்த மாதமே கேளுங்கள். ஆனால் அந்தப் பத்திரம் வரும்வரை மழை காத்திருக்காது. ஆகவே கையில் உள்ளதைக் கொண்டு செய்யக்கூடியதைச் சொல்கிறோம்.

நம் தோட்டங்களில் ஸ்டோரிலோ அலுவலகத்திலோ மழை அளக்கும் கருவி இருக்கிறது. காலையில் எவ்வளவு மழை என்று ஒரு புத்தகத்தில் எழுதுகிறார்கள். கொழுந்துக்கும் உரத்துக்கும் பார்க்கிற அந்தக் கணக்குதான் நம் உயிருக்கும் கணக்கு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ உடனே வெளியேற வேண்டும் என்று கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. அந்த எண்ணைத் தினமும் பெரட்டுக்களத்தில் ஒரு பலகையில் எழுதிப்போடச் சொல்லித் தோட்டத் தலைவர்மார் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். ஒரு துண்டு வெண்கட்டிக்கு மேல் இதற்குச் செலவு இல்லை. மறுத்தால் ஏன் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

எண்ணுக்காகவே காத்திருக்கவும் வேண்டாம். மலையை நம்மை விட யாருக்குத் தெரியும்? தரையில் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று இறுகிப்போன கதவு, புதிதாகக் கிளம்பும் ஊற்று, நன்றாக ஓடிய ஊற்று நின்றுபோவது, தெளிந்த தண்ணீர் சேறாக வருவது — இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளை குட்டியோடு இறங்கிவிட்டு, பிறகு 117க்குக் கோல் எடுங்கள். அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். கான் வெட்டும் வேலையை எவ்வளவு குறைத்துவிட்டார்கள் என்பதும் மலையில் வேலை செய்கிற உங்களுக்குத்தான் தெரியும். எந்தக் கான் அடைபட்டிருக்கிறது, தண்ணீர் எந்த லயத்தின் பின்சுவருக்குப் போகிறது என்று எழுதிக்கொடுங்கள்.

29ஆம் திகதி காலை ஏழரை மணிக்கு, பெரட்டுக்களத்திலும் மலையிலும் ஸ்டோரிலும் இரண்டு நிமிடம் நிற்போம். நிர்வாகத்துக்கு முன்கூட்டியே அறிவித்திருக்கிறோம். அந்த நேரம் வீட்டில் இருக்கும் அப்பாயிமாரும் தாத்தாமாரும் வாசலில் நின்றால் போதும்.

அதற்கு முன், 27ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, மாதர் தலைவிகளும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் அப்பியாசக் கொப்பியோடு ஒவ்வொரு லயத்துக்கும் வருவார்கள். காம்பரா இலக்கம், அதில் இருக்கும் எல்லோருடைய பெயர், காலை ஏழரைக்கு எங்கே இருப்பார், இரவில் எங்கே இருப்பார், நடக்க முடியாதவர் யார் — இவ்வளவுதான் கேட்பார்கள். கொப்பியில் மூன்று பிரதி எடுப்போம். ஒன்று தோட்டத் தலைவரிடம், ஒன்று கிராம சேவகரிடம், ஒன்று பள்ளிக்கூடத்தில். மூன்றும் ஒரே சரிவில் இருக்காதபடி பார்த்துக்கொள்வோம். மாதா மாதம் சந்தாப் பணம் வாங்க வரும்போது திருத்தி எழுதுவோம்.

காம்பராவில் இத்தனை பேரா என்று யாரும் கேட்கமாட்டார்கள், பயப்பட வேண்டாம். அடையாள அட்டை இல்லாதவரையும் சொல்லுங்கள். வேலையை விட்டவரையும், கொழும்பில் இருந்து எப்போதாவது வருகிறவரையும் சொல்லுங்கள். இன்னும் பெயர் வைக்காத பிள்ளை இருந்தால் “இன்னாரின் பிள்ளை” என்று எழுதச் சொல்லுங்கள்.